அழியாத 64 கிலோபைட்

மலைநாட்டில் குடியிருப்போர் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டிய மூன்று எண்கள் உண்டு: 75, 100, 150. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75ஐத் தாண்டினாலோ உடனே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்கும் அளவுகள் இவை.

இந்த எண்களின் பொருளைப் பதுளை மாவட்டத்துக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்கும் பாடசாலைக்கும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. நமுனுகுலை மலையின் பக்கத்தில் கிடக்கும் ஸ்பிரிங்வெளியிலும் மக்கள் சரிவுகளில்தான் வாழ்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரவு மழையென்றால் அறவே முடியாது. அளக்க ஒரு கருவி வேண்டும். அளந்ததை உடனுக்குடன் சொல்ல ஒரு வழியும் வேண்டும்.

அந்த வழி அடைபட்டுப் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

எண்ணும், ஆனால் சொல்லாது

மழையை எண்ணும் கருவி எளியது. புனலில் விழும் நீர் இரண்டு சிறு கிண்ணங்களில் ஒன்றில் சேரும். 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஈடான நீர் நிறைந்ததும் அந்தக் கிண்ணம் சாய்ந்து கொட்டிவிடும். மற்றக் கிண்ணம் புனலுக்கு நேரே வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்வின்போதும் கிண்ணத்தோடு சேர்ந்த காந்தம் ஒரு சுவிட்சை மூடித் திறக்கும். 375 சாய்வு என்றால் 75 மில்லிமீற்றர். 750 சாய்வு என்றால் வீட்டில் இருக்கக் கூடாது.

சாய்வுகளை எண்ண ஒரு சிறு ஆர்டுயினோ பலகை போதும். எண்ணியதை வான்வழியே அனுப்ப ஒரு கம்பியில்லா மொடியூல் வேண்டும். பாடசாலை, பல்கலைக்கழகச் செயற்றிட்டங்களில் இதற்கு மிகுதியாகப் பயன்படுவது ஈ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சிப். ஷாங்காயிலுள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம் தயாரித்த இந்தச் சிப், 2014இல் ஈ.எஸ்.பி.-01 என்ற சின்னஞ்சிறு மொடியூலில் ஏறி உலகெங்கும் பரவியது. அந்த மொடியூலின் நீளம் 25 மில்லிமீற்றருக்கும் குறைவு, அகலம் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர், முனைகள் எட்டு.

ஸ்பிரிங்வெளியில் ஒரு லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் இப்படியொரு மழைமானி நிற்பதாக வைத்துக்கொள்வோம். பருவமழைக்கு முந்திய ஒக்டோபர் மாதத்து இடி மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. மறுநாள் பார்த்தால் மொடியூலின் சிவப்பு விளக்கு எரிகிறது, கிண்ணமும் ஒழுங்காகச் சாய்கிறது, ஆனால் தகவல் மட்டும் வரவில்லை. கழற்றிக் கணினியோடு இணைத்து 'ஏடி' என்று அனுப்பினால் 'ஓகே' என்று பதில் வர வேண்டும், ஒன்றும் வரவில்லை. 'போர்ட் செத்துப்போச்சு' என்று சொல்லி எறிந்துவிடுவதுதான் வழக்கம்.

இப்படி எறியப்படுபவற்றில் பல சாகாதவை. ஏன் என்று விளங்க, மொடியூலுக்குள்ளே பார்க்க வேண்டும்.

இரண்டு நினைவகங்கள்

ஈ.எஸ்.பி.-01ஐக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு கறுப்புச் சிப்புகள் தெரியும். ஒன்று ஈ.எஸ்.பி. 8266. கணக்குப் போடும் செயலியும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வானலையை அனுப்பிப் பெறும் சுற்றும் அதற்குள் இருக்கின்றன. பக்கத்தில் எட்டுக் கால்களோடு இருப்பது ஃபிளாஷ் நினைவகம். பழைய நீலப் பலகைகளில் அது 512 கிலோபைட், பின்னால் வந்த கறுப்புப் பலகைகளில் 1 மெகாபைட். வைஃபையில் சேர்வது, கட்டளைகளைப் புரிந்துகொள்வது, பதில் சொல்வது எல்லாவற்றுக்குமான நிரலாகிய ஃபர்ம்வேர் இருப்பது இந்த இரண்டாவது சிப்பில்தான்.

ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. 1984இல் அதை உலகுக்கு அறிவித்தார். அதன் ஒவ்வொரு செல்லிலும் நாற்புறமும் காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய மின்முனை உண்டு. அதில் இலத்திரன்கள் அடைபட்டிருந்தால் பூச்சியம், இல்லாவிட்டால் ஒன்று. உள்ளே போன இலத்திரன்கள் வெளியேற வழியில்லாததால் கரண்ட் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் தகவல் நிற்கும்.

இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒன்றைப் பூச்சியமாக மாற்றுவது எளிது. பூச்சியத்தை மறுபடி ஒன்றாக்க வேண்டுமானால் தனி ஒரு செல்லை மட்டும் தொட முடியாது. 4 கிலோபைட் கொண்ட பகுதி முழுவதையும் அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். ஆகவே ஒரு சிறு மாற்றத்துக்கும் முதலில் அழிப்பு, பிறகு எழுத்து என்று இரண்டு படிகள். அழித்த பிறகு, எழுதி முடிக்கும் முன் கரண்ட் போனால் அந்தப் பகுதி வெறுமையாகவோ அரைகுறையாகவோ நின்றுவிடும்.

மொடியூல் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஃபிளாஷிலேயே எழுதி வைக்கிறது. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது பல நூறு கிலோபைட்டை அழித்து எழுதுகிறது. மின்னழுத்தம் தள்ளாடும் இடங்களில் இந்தத் தருணங்கள்தான் ஆபத்தானவை. சிப்பில் ஒரு கீறலும் இல்லை, ஒரு இணைப்பும் அறுபடவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நிரலில் ஒரு துண்டு இல்லை.

எதனாலும் அழியாத பகுதி

இங்கேதான் வடிவமைத்தவர்களின் முன்யோசனை கைகொடுக்கிறது. ஈ.எஸ்.பி. 8266 சிப்பின் உள்ளேயே 64 கிலோபைட் அளவில் வேறொரு நினைவகம் இருக்கிறது. இதன் உள்ளடக்கம் சிப்பை வார்க்கும்போதே சிலிக்கனில் பதிந்துவிடுகிறது. இதற்கு ரொம் என்று பெயர். இதை எழுத முடியாது, ஆகவே கெடுக்கவும் முடியாது. கரண்ட் வந்ததும் செயலி முதலில் ஓட்டுவது இந்த ரொம்மில் உள்ள நிரலைத்தான். ஃபிளாஷில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

ரொம் விழித்ததும் கணினிப் பக்கம் ஒரு வரி எழுதி அனுப்பும். அந்த வரியில் எப்போதும் ஒரே திகதி இருக்கும்: 2013 ஜனவரி 8. பதுளையில் வாங்கிய மொடியூலானாலும் சென்னையில் வாங்கியதானாலும் அதே திகதி. அன்றைக்குத் தொகுத்த நிரல் அத்தனை சிப்பிலும் மாறாமல் பதிந்திருக்கிறது.

பலர் இந்த வரியைப் பார்க்காமலே மொடியூல் செத்தது என்று முடிவு கட்டுகிறார்கள். காரணம், அது வரும் வேகம். வழக்கமாகக் கணினியில் வைக்கும் வேகம் விநாடிக்கு 115200 பிட். ரொம்மோ 74880இல் பேசுகிறது. சிப்புக்குத் துடிப்புத் தரும் பளிங்கு 40 மெகாஹேர்ட்ஸ் என்று ரொம் எடுத்துக்கொள்கிறது. இந்த மொடியூல்களில் உள்ளதோ 26 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு. 115200ஐ 26ஆல் பெருக்கி 40ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 74880 வரும். வேகத்தை அந்த எண்ணுக்கு மாற்றினால், குப்பை எழுத்துகளாகத் தெரிந்தவை படிக்கத்தக்க வரிகளாகும்.

அந்த வரிகளிலேயே நோயும் தெரிந்துவிடும். ஃபிளாஷில் உள்ள நிரலின் முதல் பைட் 233 ஆக இருக்க வேண்டும். அழிந்த ஃபிளாஷில் எல்லாப் பைட்டும் 255. முதல் பைட் பொருந்தாவிட்டால் ரொம் மேற்கொண்டு போகாமல் நின்று அதை அறிவிக்கும். முதல் பைட் சரியாக இருந்து, நடுவில் கெட்டிருந்தால் கூட்டுத்தொகைச் சோதனையில் பிடிபடும். மொடியூல் விழித்து, நிரலைத் தொடங்கி, நடுவில் சிக்கி, மறுபடி விழித்துக்கொண்டே இருந்தால் அதே வரி திரும்பத் திரும்ப வரும். மூன்றுமே நல்ல சகுனங்கள்தான். ரொம் பேசுகிறது என்றால் செயலி வேலை செய்கிறது என்று பொருள்.

மீட்கும் முறை

முதலில் கவனிக்க வேண்டியது கரண்ட். இந்த மொடியூலுக்கு வேண்டியது 3.3 வோல்ட், 5 வோல்ட் கொடுத்தால் உண்மையிலேயே செத்துவிடும். வானலையை அனுப்பும் தருணத்தில் அது 170 மில்லி அம்பியர் வரை இழுக்கும்; கண நேர உச்சம் அதையும் தாண்டும். கணினியோடு இணைக்கப் பலரும் பயன்படுத்தும் எஃப்.டி. 232 மாற்றியின் 3.3 வோல்ட் முனை தரக்கூடியது 50 மில்லி அம்பியர்தான். பேசாத மொடியூல்கள் சில, போதிய கரண்ட் கொடுத்த மாத்திரத்தில் பேசத் தொடங்கிவிடும். ஆகவே தனியாக ஒரு நல்ல 3.3 வோல்ட் மின்வழங்கி வேண்டும். அதன் பூமி முனையும் மாற்றியின் பூமி முனையும் இணைந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஃபிளாஷைப் பார்க்கப் போகாமல் நம்மிடம் கேட்கும்படி ரொம்முக்குச் சொல்ல வேண்டும். அதற்கென ஒரு முனை உண்டு: ஜி.பி.ஐ.ஓ. 0. அதைப் பூமி முனையோடு இணைத்துவிட்டுக் கரண்ட் கொடுக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். ரொம் அந்த முனையைப் பார்ப்பது விழிக்கும் கணத்தில் மட்டுமே. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பிந்திப் போனவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை. அதுபோல, விழித்த பிறகு ஜி.பி.ஐ.ஓ. 0ஐ இணைத்து ஒரு பயனும் இல்லை. சரியான நேரத்தில் இணைத்திருந்தால் ரொம்மின் வரியில் பூட் மோட் என்பதற்கு நேரே உள்ள முதல் எண் 3க்குப் பதிலாக 1 என்று காட்டும். 1 என்றால் மொடியூல் உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறது.

இனி ஈஎஸ்பிடூல் என்ற மென்பொருள் வேலையைத் தொடங்கும். ஃப்ரெட்ரிக் ஆல்பெர்க் என்பவர் 2014இல் எழுதிப் பொதுவில் விட்ட இந்த நிரலை இன்று எஸ்பிரெசிஃப் நிறுவனமே பராமரிக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது. அது முதலில் அனுப்பும் செய்தியில் ஒன்றும் பூச்சியமும் மாறி மாறி வரும் பைட்டுகள் 32 இருக்கும். அந்தச் சீரான ஏற்ற இறக்கத்தை அளந்து, கணினி எந்த வேகத்தில் பேசுகிறது என்பதை ரொம் கண்டுபிடித்து, தன் வேகத்தை அதற்கு ஒத்ததாக மாற்றிக்கொள்கிறது.

தொடர்பு கிடைத்ததும் உடனே அழிக்கக் கூடாது. முதலில் ஃபிளாஷ் சிப்பின் அளவைக் கேட்டறிய வேண்டும். பிறகு அதில் இருப்பது முழுவதையும் கணினியில் ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். கெட்டுப் போனதன் பிரதி எதற்கு என்று தோன்றும். கெட்டது ஒரு துண்டாக இருக்கலாம். மற்றப் பகுதிகளில் வேறெங்கும் கிடைக்காத அமைப்புகள் இருக்கலாம். அழித்துவிட்டால் அவை போனவைதான்.

பிரதி எடுத்த பிறகு முழுவதையும் அழித்து, சிப்பின் அளவுக்குப் பொருந்தும் ஃபர்ம்வேரை எழுத வேண்டும். 1 மெகாபைட்டுக்கு உரியதை 512 கிலோபைட் சிப்பில் எழுதினால் மறுபடி பழைய நிலைதான். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் சோதனையையும் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் வானலை மட்டும் எழாமல் போகலாம். ஃபிளாஷின் கடைசி 16 கிலோபைட்டின் தொடக்கத்தில் 128 பைட் கொண்ட ஒரு சிறு அட்டவணை இருக்க வேண்டும். வானலைச் சுற்று எவ்வளவு வலுவோடு எப்படி இயங்க வேண்டும் என்பதற்கான அளவுகள் அதில் உள்ளன. முழு அழிப்பில் இதுவும் அழிந்திருக்கும். எஸ்பிரெசிஃப் தரும் பொதுவான அட்டவணையை அந்த இடத்தில் எழுதினால் வானலை எழும். மொடியூலின் தனி அடையாளமான மெக் முகவரி சிப்பின் உள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருப்பதால் எத்தனை தடவை அழித்தாலும் மாறாது.

கடைசியாக ஜி.பி.ஐ.ஓ. 0ஐப் பூமி முனையிலிருந்து விடுவித்து மறுபடி கரண்ட் கொடுங்கள். 'ஏடி' என்று அனுப்பினால் 'ஓகே' வரும்.

எல்லாவற்றையும் இப்படி மீட்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போதிய கரண்ட் கொடுத்தும் 74880இல் ஒரு எழுத்தும் வராமல் சிப் மட்டும் சுடுகிறது என்றால் அது இடியாலோ தவறான மின்னழுத்தத்தாலோ எரிந்துபோனது. அதை எந்த ஃபர்ம்வேரும் எழுப்பாது.

ரூட்டர்களுக்கும் இதே தத்துவம்தான், முறைதான் வேறு. கூரையில் பூட்டும் யுபிகுவிட்டி கருவிகள் பலவற்றில் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால் விளக்குகள் மாறி மாறி மின்னும், கருவி 192.168.1.20 என்ற முகவரியில் ஃபர்ம்வேருக்குக் காத்திருக்கும். டிபி-லிங்க் ரூட்டர்கள் பலவற்றில் ரூட்டரே 192.168.0.66 என்ற முகவரியிலுள்ள கணினியிடம் கோப்பைக் கேட்கும். ஆனால் ரூட்டர்களில் ஒரு எச்சரிக்கை தேவை. ஏதெரோஸ் சிப் கொண்டவற்றில் வானலை அளவுகள் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் தனித்தனியே அளந்து எழுதப்பட்டவை. அவை அழிந்தால் வேறொரு ரூட்டரிலிருந்து எடுத்துப் போடுவது சரிவராது. பிரதி எடுக்காமல் அழிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

உலகம் கற்ற பாடம்

இது சின்ன மொடியூல்களோடு முடிகிற விஷயம் அல்ல. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி, உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த அதே நாளில், வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செய்மதி இணைய மொடெம்கள் பல்லாயிரம் ஒரேயடியாக ஊமையாயின. ஊடுருவியவர்கள் அவற்றின் ஃபிளாஷ் நினைவகத்தை அழித்திருந்தார்கள். ஜேர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. பிறகு ஆராய்ந்த வியாசாட், மொடெம்களின் இலத்திரனியல் உறுப்புகளுக்கு ஒரு சேதமும் இல்லை, அவற்றை முழுமையாக மீட்க முடியும் என்று அறிவித்தது. ஆயினும் சேவையை விரைவாகத் திரும்பக் கொடுக்க ஏறத்தாழ 30,000 புதிய மொடெம்களை அனுப்ப நேர்ந்தது. மீட்க முடிகிற கருவியும், மீட்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால், வீணாகப் போகும்.

விண்வெளியிலும் இதே கதைதான். 1982 நவம்பரில், செவ்வாயில் நின்ற வைக்கிங் 1 கலத்துக்குப் பூமியிலிருந்து அனுப்பிய ஒரு தவறான கட்டளை, அதன் அண்டெனாவைத் திருப்பும் தகவலின் மேல் எழுதிவிட்டது. அதோடு அதன் பேச்சு நின்றது. அருகில் போய் ஒரு முனையைப் பூமி முனையோடு இணைக்க அங்கே எவரும் இல்லை. மாறாக, 1977இல் ஏவிய வொயேஜர் 1, 2023 நவம்பரில் பொருளற்ற தகவலை அனுப்பத் தொடங்கியபோது, பொறியியலாளர்கள் அதன் நினைவகத்தின் பிரதியை வரவழைத்தார்கள். ஏறத்தாழ 3 சதவீதம் கெட்டிருந்தது தெரிந்தது. அங்கிருந்த நிரலைத் துண்டுகளாக்கி நினைவகத்தின் நல்ல இடங்களுக்கு மாற்றும் கட்டளையை 2024 ஏப்ரல் 18இல் அனுப்பினார்கள். செய்தி போகவே இருபத்து இரண்டரை மணி நேரம். ஏப்ரல் 20இல் கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. கெட்ட நிலையிலும் தன் நினைவகத்தைக் காட்டும் வழி திறந்திருந்ததுதான் வொயேஜரைக் காத்தது.

கம்பியில்லா உணரிகளை வடிவமைத்தவர்கள் இதைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவான டெல்யூஜ் என்ற முறை, கம்பியில்லா உணரிகளுக்கு வான்வழியே புது நிரலை அனுப்புவதற்கானது. அதில் ஒரு பழுதற்ற நிரலை எழுத முடியாத இடத்தில் பூட்டி வைப்பார்கள். புதியது தவறினால் கருவி அதற்குத் திரும்பும். நம்மைப் போலவே தேயிலையும் சரிவும் தமிழ்த் தொழிலாளரும் உள்ள கேரளத்து மூணாறில், 2005இல் மண்சரிவு கண்ட அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகம் 2000களின் இறுதியில் கம்பியில்லா உணரி வலையமைப்பு ஒன்றை நிறுவியது. மண்ணுக்குள்ளே நீரின் அழுத்தத்தை அளந்து வான்வழியே சொல்லும் ஏற்பாடு அது. அத்தகைய ஏற்பாடு நமக்கும் பொருந்தும்.

இங்கே செய்ய வேண்டியது

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. இறக்குமதியாகும் ஒவ்வொரு மொடியூலின் விலையும் அதோடு ஏறியது. மீட்கத்தக்கதை எறிவது நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் காசைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. புது மொடியூல் கொழும்பிலிருந்து வரும் வரை மழை காத்திருக்காது. மழைமானி பேசாத நாள்களில் அதை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு எச்சரிக்கை இல்லை.

ஆகவே கருவி வைப்பவர்களுக்கு: ஃபிளாஷில் இரண்டு இடம் ஒதுக்கி, புது ஃபர்ம்வேர் சரியாக இயங்கும் வரை பழையதை அழிக்காத முறையைப் பின்பற்றுங்கள். கரண்ட் போனால் தாங்க ஒரு பெட்டரி வையுங்கள். ஜி.பி.ஐ.ஓ. 0 முனையையும் தொடர்பு முனைகளையும் பசையால் மூடிவிடாமல் கைக்கு எட்டும்படி விடுங்கள். இயங்கும் கருவியின் ஃபிளாஷ் பிரதியைத் தோட்டத்துப் பாடசாலைக் கணினியில் பெயரும் திகதியும் இட்டு வையுங்கள்.

பாடசாலைகளுக்கும் இளைஞர்களுக்கும்: இதைக் கற்க ஒரு பட்டம் தேவையில்லை. ஒரு மாற்றி, ஒரு 3.3 வோல்ட் மின்வழங்கி, நான்கைந்து வயர், இலவச மென்பொருள் போதும். தொழில்நுட்பப் பாடம் படிக்கும் மாணவர் ஒருவருக்கு ஒரு மதிய நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்கள் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து கற்பித்தால் ஒவ்வொரு டிவிசனிலும் மீட்கத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

ஊவாவில் பெருமழைக் காலம் ஒக்டோபரில் தொடங்குகிறது. உங்கள் தோட்டத்தில் மழைமானி இருந்தால், செப்டெம்பர் முடியும் முன் அதன் மொடியூலை ஒருதரம் கழற்றி, பிரதி எடுத்து, அழித்து, திரும்ப எழுதி, பேச வைத்துப் பாருங்கள். பழுது வரும் முன் ஒருமுறை செய்து பழகியவரால்தான் மழை கொட்டும் நேரத்தில் அதைத் தடுமாறாமல் செய்ய முடியும்.